வெங்காய மழை

அத்தியாயம் பதினொன்று

போன வாரப் பக்கத்தை அலமாரித் தட்டில் விரித்துவிட்டவர்களுக்காக ஒரு வார்த்தை.

அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது. போகிற காய்ச்சல் வெறுங்கையோடு போகாமல் அவளுடைய வாசனை பிடிக்கும் சக்தியையும் அள்ளிக்கொண்டு போனது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால், "விடுங்க, இனிமே கூட்டமான பஸ்ல நிம்மதியாப் போகலாம்" என்று தேற்றலாம். அக்காவோ ஓர் உணவகத்தின் தலைமைச் சமையல்காரி.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, கெட்டுப்போன பாலேட்டில் செய்த சூப் ஒரு மேசைக்குப் போய்விட்டது. முதலாளியம்மா திட்டவில்லை. "உடம்பு நல்லாத் தேறட்டும், இன்னும் கொஞ்சம் ஓய்வு எடுங்க" என்றார். ஓய்வு நாமாகக் கேட்டு வாங்கினால் இனிக்கும். முதலாளி தானாகக் கொடுத்தால் வயிற்றைக் கலக்கும்.

அப்புறம்தான் போன வாரம் அந்தத் தொலைபேசி அழைப்பு. "ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றேன். நீங்களே சமைங்க. சாப்பிட்டுட்டு, நீங்க திரும்ப வர்றதா வேண்டாமான்னு பேசுவோம்."

இன்று ஞாயிற்றுக்கிழமை.

காலையிலேயே கீழ்வீட்டில் ஆலோசனைக் கூட்டம். கீழ்வீடு அக்காவுடையது, மாடி எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் அடுப்பு எரிவதில்லை. "அண்ணி கைச் சாப்பாடு இருக்கும்போது என் சமையலைச் சாப்பிடறது உங்க நாக்குக்கு நீங்களே செய்யற துரோகம்" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். சோம்பலை இவ்வளவு பணிவாகச் சொல்ல அவளால்தான் முடியும்.

"மூக்கு இல்லைங்கிறது அவங்களுக்குத் தெரியவே கூடாது" என்று கூட்டத்தைத் தொடங்கிவைத்தார் அத்தான்.

"மூக்கு இருக்கு. வாசனைதான் தெரியல" என்றாள் அக்கா, கோழியைத் துண்டு போட்டுக்கொண்டே. "என்னமோ முகத்துல ஓட்டை விழுந்த மாதிரி பேசாதீங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். வாசனைக்குத்தான் தங்கச்சி இருக்கே."

தங்கச்சி என்றது என் மனைவியை. அவள் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் மேற்பார்வையாளர். ஒரு சட்டையை முகர்ந்தே அதைப் போட்டவன் எங்கே போனான், என்ன தின்றான், வீட்டில் என்ன பொய் சொன்னான் என்று வரிசையாகச் சொல்லிவிடுவாள். இப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்டவனுக்கு ஒழுக்கமாக இருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. என் நல்ல பெயருக்கு அதுதான் முழுக் காரணம்.

"நான் அடுப்பு பக்கத்திலயே நிக்கிறேன் அண்ணி" என்றாள் அவள். "கொஞ்சம் கருகற வாசனை வந்தாலும் ஒரு இருமல். போதுமா?"

"போதும். நீ?" என்று என்னைப் பார்த்தாள் அக்கா.

"நான் கூடத்துல உக்காந்து முதலாளியம்மாகிட்ட பேச்சு குடுக்கறேன்."

"பேச்சு குடு. ஜோக்கு குடுக்காதே."

கடைசியாக அத்தான் பக்கம் திரும்பினாள். "நீங்க அந்த ஒயினை அவங்க கண்ணுல காட்டக் கூடாது."

"காட்டக் கூடாதுன்னா எப்படி? கோழியே அதுலதானே வேகுது?"

"வேகட்டும். கிளாஸ்ல ஊத்தி நீட்டாதீங்கன்னு சொல்றேன்."

அத்தான் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண் பரிசோதனை, லென்ஸ், பிரேம் எல்லாம். பார்வையையே தொழிலாகக் கொண்டதாலோ என்னவோ, மாடிப்படிக்குக் கீழே பெரிய பெரிய கண்ணாடி ஜாடிகளில் அவர் போட்டு வைக்கும் திராட்சை ஒயினையும் பார்வையாலேயே சோதிப்பார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "நிறத்தைப் பாரு மாப்ளே!" என்பார். நிறம் அற்புதமாகத்தான் இருக்கும். குடித்தால் தாடை இரண்டும் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொள்ளும்.

காய்ச்சலுக்குப் பிறகு அந்த ஒயினை முகம் சுளிக்காமல் குடிக்கிற ஒரே ஆள் அக்கா. தினமும் சாயங்காலம் ஒரு கிளாஸ் ஊற்றி அவள் முன்னால் வைத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் அத்தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். இப்படி ஒரு ரசிகை கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம். அவள் எப்படி ரசிகை ஆனாள் என்பதை நினைத்தால் துக்கம். அவர் முகத்தில் இரண்டும் சேர்ந்து வந்து நிற்கும். நான் பார்க்காத மாதிரி செய்தித்தாளை எடுத்துக்கொள்வேன்.

அந்த வீட்டின் இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அக்கா அடுப்பைப் பற்றவைத்தால் கூடத்தில் டிவி ஊமையாகிவிடும். படம் ஓடும், சத்தம் இருக்காது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு கிடையாது. அக்கா சமைப்பதே காதால்தான். காய்ச்சலுக்கு வெகுகாலம் முன்பிருந்தே அப்படித்தான். மற்றவர்கள் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேறு ஏதாவது நறுக்கிக்கொண்டிருப்பாள். திடீரென்று திரும்பாமலே கையை நீட்டித் தீயைக் குறைப்பாள். அப்போது குறைத்தால்தான் சரி.

ஆக, எங்கள் குடும்பம் ஊமை டிவி பார்த்தே வளர்ந்த குடும்பம். வாயசைகிறது, வசனம் இல்லை. சும்மா இருப்போமா? நாங்களே குரல் கொடுக்க ஆரம்பித்தோம். தொடர்களில் வருகிற மாமியார்கள் அத்தனை பேருக்கும் அத்தான் கீச்சுக் குரலில் பேசுவார். போலீஸ்காரர்களுக்கு என் மனைவி. எனக்கு எப்போதும் அடிவாங்குகிற பாத்திரம். கதை எங்கள் இஷ்டத்துக்குப் போகும். ஒருமுறை தெரியாத்தனமாக ஒரு தொடரைச் சத்தத்தோடு பார்த்துவிட்டேன். எங்கள் கதையில் நாலு வாரத்துக்கு முன்பே திருந்திப்போன வில்லி, அங்கே இன்னும் பாலில் விஷம் கலந்துகொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் டிவி தொடர்களுக்குச் சத்தம் சேர்ப்பதுதான் என் பிழைப்பு. காலடிச் சத்தம், கதவுச் சத்தம், கன்னத்தில் அறையும் சத்தம். அறை என்பது ஈரத் துண்டால் என் தொடையிலேயே நான் போட்டுக்கொள்வது. முடிவில் என் பெயரும் ஓடும். படிப்பதற்குள் விளம்பரம் வந்துவிடும்.

மழை வேண்டுமென்றால் குழாயைத் திறந்து பதிவு செய்வேன் என்று நினைக்காதீர்கள். குழாய்த் தண்ணீர் குழாய்த் தண்ணீராகத்தான் கேட்கும். அசல் மழையாகக் கேட்பது எண்ணெயில் வதங்கும் வெங்காயம். ஒரு நாள் அக்காவின் வாணலி ஓரமாக மைக்கைப் பிடித்துப் பதிவு செய்து வைத்தேன். அதிலிருந்து எல்லாத் தொடரிலும் அந்த மழைதான். நீங்கள் பார்த்த எந்த நாயகி எந்தச் சோகத்தில் நனைந்திருந்தாலும், அவள் நனைந்தது அநேகமாக என் அக்காவின் வாணலியில்தான்.

முதலாளியம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். உயரமான பெண்மணி. நரைத்த தலை, பெரிய தோல் கைப்பை. சோபாவில் உட்கார்ந்து கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். தூசி தானாகவே எழுந்து சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்ட மாதிரி இருந்தது.

"வெயிலா வெளியில?" என்று பேச்சு கொடுத்தேன்.

"ஆமா."

"இங்கயும் அப்படித்தான்" என்றேன். எடுத்த எடுப்பிலேயே என் கையிருப்பு தீர்ந்துபோனது.

அவர் பார்வை டிவியின் மேல் விழுந்தது. யாரோ ஒருத்தி வாயை அகலத் திறந்து அழுதுகொண்டிருந்தாள். வாரம் முழுக்க ஓடியதை ஞாயிறு மதியம் மறுபடி ஓட்டுவார்களே, அது.

"டிவி கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

"சேச்சே! போன வருஷம் வாங்கினதுங்க!" என்றார் அத்தான். சொன்னதோடு நிற்காமல் நிரூபிக்கவும் செய்தார். ரிமோட்டை எடுத்து ஒரே அமுக்கு. அழுகை வீட்டை நிறைத்தது.

சமையலறையிலிருந்து அக்காவின் தலை எட்டிப் பார்த்தது. "சத்தம் வேண்டாம்" என்று சொன்னால் "ஏன்?" என்று கேள்வி வரும். ஏன் என்று கேட்டால் காதில் தொடங்கி மூக்கில்தான் முடிய வேண்டும். தலை பேசாமல் உள்ளே போய்விட்டது.

போகட்டும், அங்கேதான் மூக்கு நிற்கிறதே என்று நான் தைரியமாக இருந்தேன். அந்த மூக்கு அப்போது பார்த்து ஒரு கிளாஸ் தண்ணீரை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தது.

"நீங்க என்ன பண்றீங்க?" என்று முதலாளியம்மா அவளைக் கேட்டார்.

"சலவைக்கூடத்துல மேற்பார்வைங்க."

அவர் முகத்தில் முதல்முறையாக உயிர் வந்தது. "அப்படியா? உக்காருங்க, உக்காருங்க. எங்க மேசைவிரிப்பு எல்லாத்துலயும் ஒயின் கறை. எதைப் போட்டாலும் போகமாட்டேங்குது."

என் மனைவிக்கு ஒரு பலவீனம் உண்டு. கறை என்று யாராவது சொன்னால் அவளுக்கு ஊர் உலகம் மறந்துவிடும். "வெந்நீர்ல போடறாங்களா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தாள்.

"வெந்நீர்லதான்."

"அய்யய்யோ! வெந்நீர் கறையைச் சமைச்சுடுமே! பச்சைத் தண்ணிங்க, அதுவும் உடனே!"

நான் கண்ணைக் காட்டினேன். புருவத்தைத் தூக்கினேன். கடைசியில் நானே இருமினேன். "தண்ணி குடிங்க" என்று விருந்தாளிக்குக் கொண்டுவந்த கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டு, அவள் கறையைத் தொடர்ந்தாள்.

டிவியில் மழை வந்தது.

தொடரில் மழை வந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வசனம் கிடையாது. நாயகி நடுத்தெருவில் நிற்பாள். இந்தப் பக்கமிருந்து ஒருமுறை நனைவாள், அந்தப் பக்கமிருந்து ஒருமுறை நனைவாள், அப்புறம் மேலேயிருந்து. 'நல்லாத்தான் சேர்த்திருக்கேன்' என்று என் மழையை நானே ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மடையன் என்பதற்கு அகராதியில் படம் போடுவதாக இருந்தால் அந்த நிமிடத்து என் முகத்தைப் போடலாம்.

முதலாளியம்மாதான் முதலில் மூக்கைத் தூக்கினார். "ஏதோ அடிப்பிடிக்குது."

என் மனைவியின் முகம் வெளுத்தது. கறை பறந்துபோனது. எழுந்துகொள்ளக்கூட நேரமில்லை. அதற்குள் அக்காவே சமையலறை வாசலில் வந்து நின்றாள், கையைத் துண்டில் துடைத்தபடி, சிரித்த முகமாக.

"இன்னும் கொஞ்ச நேரந்தான். வெங்காயம் அருமையான பதத்துக்கு வந்துக்கிட்டிருக்கு" என்றாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் புகை சுருள் சுருளாக எழுந்தது.

மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. அக்கா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிரிப்பு அவள் உதட்டிலேயே மாட்டிக்கொண்டு இறங்க வழி தெரியாமல் நின்றது. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி அடுப்பைப் பார்த்தாள். அதற்கப்புறம் டிவியைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது வாணலி இல்லை. வாணலி எப்போதோ அடங்கிவிட்டது. 'ஈரம் இன்னும் இருக்கு, ஈரம் இன்னும் இருக்கு' என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது, நான் பதிவு செய்து வைத்த அவளுடைய பழைய வெங்காயம். அக்காவின் காதை ஏமாற்ற உலகத்தில் ஒரே ஒரு சத்தத்தால்தான் முடியும். அதைச் செய்து, ஊர் முழுக்க ஒலிபரப்பி, சம்பளமும் வாங்கியவன் அவளுடைய உடன்பிறந்த தம்பி.

"எப்போலேர்ந்து?" என்று முதலாளியம்மா கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"காய்ச்சல்லேர்ந்து" என்றாள் அக்கா.

"அந்த சூப்பு?"

"ஆமா. பாலேடு கெட்டுப்போனது எனக்குத் தெரியல."

முதலாளியம்மா கைப்பையை மடியில் எடுத்து வைத்தார். அத்தானுக்குக் கைகால் ஓடவில்லை. "ஒரு வாய் ஒயின் குடிச்சுட்டுப் போங்க, நிறத்தைப் பாருங்களேன்…" என்று தொடங்கினார்.

"அண்ணே!" என்று என் மனைவி அதட்டினாள்.

"அந்த டிவி வாயை மூடுங்க" என்றாள் அக்கா.

மூடினேன். மழை நின்றது. நாயகி மட்டும் சத்தமில்லாமல் நனைந்துகொண்டிருந்தாள்.

அக்கா உள்ளே போனாள். கருகிய வாணலி தொட்டியில் விழுகிற சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று நான் எழுந்தேன். அவள் புது வாணலியோடு வாசலுக்கு வந்தாள்.

"இத்தனை நாளா ஒளிச்சு வச்சிருந்தேன். ஒளிக்கிறதுலயே பாதி உசிர் போச்சு. இனிமே ஒளிக்க ஒண்ணுமில்ல" என்றாள் முதலாளியம்மாவிடம். "சாப்பிடத்தானே வந்தீங்க? பசியோட அனுப்பி எனக்குப் பழக்கமில்ல. இங்க வந்து நில்லுங்க. அடுப்புக்குப் பக்கத்துல."

"நானா?"

"நீங்கதான். உங்க கண்ணு முன்னாடியே செய்யறேன். வேண்டாம்னு தோணிச்சுன்னா அப்புறம் போங்க."

முதலாளியம்மா கைப்பையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். எழுந்து சமையலறைக்குள் போனார். பின்னாலேயே போக முயன்ற எங்களை அக்கா ஒரு பார்வையில் நிறுத்தினாள். "அம்மாடி, நீயும் வராதே" என்று என் மனைவியிடம் தனியாக வேறு சொன்னாள். "உன் மூக்கை வச்சு நான் ஜெயிக்க வேண்டாம்."

நாங்கள் மூன்று பேரும் கதவில்லாத வாசலில் ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்து நின்றோம். அத்தான் அடியில். அவருக்கு முட்டிவலி. ஆனாலும் நகரவில்லை.

வெங்காயம் எண்ணெயில் விழுந்தது.

"என்ன கேக்குது?" என்று அக்கா கேட்டாள்.

"சலசலன்னு. மழை மாதிரி."

"அது தண்ணி போற சத்தம். போகட்டும்." அக்கா அடுப்புக்கு முதுகைக் காட்டிக் காளான் நறுக்க ஆரம்பித்தாள். அவள் பாட்டுக்கு நறுக்கினாள். முதலாளியம்மாதான் வாணலியையும் அவள் முதுகையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு தவித்தார். சலசலப்பு மெலிந்தது. அரிசி பொரிகிற மாதிரி சின்னச் சின்ன வெடிப்பாக மாறியது. அதுவும் இடைவெளி விட்டு விட்டு.

"இப்ப" என்றாள் அக்கா, திரும்பாமலே. கை பின்னால் போய்த் தீயைத் தணித்தது. "மணம் வந்துடுச்சா?"

முதலாளியம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற எங்களுக்கும் வந்தது அந்த மணம். வெந்த இனிப்பும் தீயும் சேர்ந்த மணம். அத்தான் கீழேயிருந்து, "ஆஹா" என்றார்.

"வந்துடுச்சு" என்றார் முதலாளியம்மா.

"எனக்குத் தெரியாது. ஆனா வந்திருக்கும்னு தெரியும்."

கோழி விழுந்தது. அதன் சத்தம் வேறு. பிறகு ஜாடியைச் சாய்த்து ஒயினை ஊற்றினாள். குபுகுபு என்று பொங்கி, பின் ஒரே சீராகக் கொதித்தது. "இப்ப தண்ணியாப் பேசுது. கெட்டியானா குரல் இறங்கும்" என்றாள். கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் விட்டாள். உப்பு போட்டாள். மறுபடி ஒரு சொட்டு. "உப்பு, புளிப்பு, கசப்பு, இனிப்பு எல்லாம் நாக்கு சொல்லும். நாக்கு என்கிட்டதான் இருக்கு."

"பாலேடு கெட்டுப்போனதை நாக்கு சொல்லலையே?"

கேள்வி சுருக்கென்று விழுந்தது. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் நாக்கில வைக்கவே இல்ல. எப்பவும் மோந்து பாத்தே பழகினவ, அன்னிக்கும் மோந்து பாத்தேன். ஒண்ணும் தெரியல. ஒண்ணும் தெரியலைன்னா நல்லா இருக்குன்னு நெனைச்சுக்கிட்டேன்" என்றாள் அக்கா. "பக்கத்துல நிக்கிற பொண்ணுகிட்ட 'இதைக் கொஞ்சம் மோந்து சொல்லு'ன்னு கேட்டிருக்கலாம். வெக்கமா இருந்துச்சு. இனிமே கேப்பேன். உங்க சமையலறையில மூக்கு எத்தனை வேணும்னாலும் இருக்கு. அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஆறு வாணலியைக் கேக்கற காது இது ஒண்ணுதான்."

அவள் பெருமை பேசி நான் கேட்டதே இல்லை. 'கேளுங்கய்யா, என் அக்கா!' என்று தெருவில் இறங்கிக் கத்தலாம் போலிருந்தது. பேச்சு கொடு, ஜோக்கு கொடுக்காதே என்றுதான் சொன்னாள். கத்தாதே என்று சொல்லவில்லை. இருந்தாலும் அடக்கிக்கொண்டேன்.

கோழி வேக நேரம் பிடிக்கும். "இனி மூடி போட்டாச்சு. எல்லாரும் கூடத்துல போய் உக்காருங்க. சத்தம் மட்டும் வேண்டாம்" என்று துரத்தினாள்.

ஊமை டிவியின் முன்னால் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். விருந்தாளி இருக்கும்போது குரல் கொடுப்பது மரியாதையா என்று எங்களுக்குள் தயக்கம். திரையில் ஒரு மாமியார், மருமகளைப் பார்த்து விரலை நீட்டி ஏதோ சீறிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, மேசைவிரிப்பை வெந்நீர்லயா போட்டே?" என்று ஒரு கம்பீரமான குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தோம். முதலாளியம்மா. பார்வை திரையை விட்டு அகலவில்லை.

மருமகளின் வாய் அசைந்தது. என் மனைவி சட்டென்று எடுத்துக்கொண்டாள். "தெரியாமப் பண்ணிட்டேன் அத்தே!"

"தெரியாமப் பண்ணினியா? இந்தக் குடும்பத்துக்கே அழியாத கறைடி நீ!"

திரையில் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு சரிந்தாள். அவ்வளவு பொருத்தமாக எங்கள் வீட்டில் யாரும் குரல் கொடுத்ததே இல்லை. நான் சோபாவிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சமையலறையிலிருந்தும் ஒரு சிரிப்பு கேட்டது. காய்ச்சலுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை இன்றைக்குத்தான் கேட்கிறேன். அத்தான் மட்டும் என் காதில், "மாமியார் என்னோட பாத்திரம் மாப்ளே" என்று முனகினார்.

"இன்னிக்கு விட்டுக் குடுங்க அத்தான். அக்கா வேலை."

"அதுக்காகத்தான் சும்மா இருக்கேன்."

சாப்பாடு மேசைக்கு வந்தது. கருஞ்சிவப்புச் சாற்றில் கோழி, காளான், கரைந்தே போன வெங்காயம். பக்கத்தில் சூடான ரொட்டி. முதலாளியம்மா ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். நாங்கள் யாரும் எங்கள் தட்டைத் தொடவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்கு எப்படி இறங்கியதோ தெரியாது.

அக்கா மட்டும் நிதானமாகச் சாப்பிட்டாள். தேர்வு எழுதி முடித்துவிட்டு மை காய்வதற்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி இருந்தாள்.

"இந்த ஒயின் எங்க வாங்கினது?" என்று முதலாளியம்மா கேட்டார்.

"மாடிப்படிக்குக் கீழ" என்றார் அத்தான், ஏதோ புகழ்பெற்ற திராட்சைத் தோட்டத்தின் பெயரைச் சொல்வது போல.

"தனியா கொஞ்சம் குடுங்க, பாப்போம்."

அக்கா தடுப்பதற்குள் கிளாஸ் வந்துவிட்டது. ஒரு மிடறு குடித்தார். அவர் தாடை இறுகியது. கண்ணில் நீர் கோத்தது. வெகுநேரம் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சமைக்கறதுக்கு நல்லா இருக்கு" என்றார்.

அத்தானுக்கு வானம் எட்டிவிட்டது. எட்டு வருஷமாக யாரும் அவர் ஒயினை 'நல்லா இருக்கு' என்கிற வார்த்தை வருகிற எந்த வாக்கியத்திலும் சேர்த்ததில்லை. முன்னால் இருந்த 'சமைக்கறதுக்கு' அவர் காதில் விழவே இல்லை என்று நினைக்கிறேன்.

முதலாளியம்மா இரண்டாவது முறை போட்டுக்கொண்டார். கடைசித் துண்டு ரொட்டியால் தட்டை வழித்தார். பீங்கான் பளபளத்தது. கையைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"என் சமையலறையில பத்து மூக்கு இருக்கு. நீங்க இல்லாத இத்தனை நாள்ல பத்து மூக்கும் சேர்ந்து ஒருநாள்கூட இப்படி வெங்காயத்தை வதக்கல. நாளைக்குக் காலையில வந்துடுங்க. ஒவ்வொரு சரக்கும் உள்ள வரும்போது மோந்து பாக்க ஒரு பொண்ணைப் பக்கத்துல நிறுத்தறேன். நிறுத்தறது நீங்க இல்ல, நான். அதனால வெக்கம் உங்களுக்கு வேண்டாம்."

என் மனைவி மூக்கை உறிஞ்சினாள். அத்தான் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அதில் ஒரு தூசியும் இல்லை. நான் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

அக்கா மட்டும் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"வர்றேன்" என்றாள். "ஆனா சமையலறையில ஓடற ரேடியோவை நிறுத்தணும். முன்னெல்லாம் அந்தச் சத்தத்துல காது விட்டதை மூக்கு பிடிச்சுக்கும். இனிமே காது மட்டும்தான்."

கைக்கு வந்த வேலை! அதற்குள் நிபந்தனையா? அத்தான் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். அக்காவை மிதிக்கிற தைரியம் அவருக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

முதலாளியம்மாவின் கை கைப்பையின் மேலேயே நின்றுவிட்டது. முகத்தில் இருந்த முதலாளி மெல்ல இறங்கிப்போய், அங்கே ஒரு மனைவி வந்து உட்கார்ந்தாள்.

"அது எங்க வீட்டுக்காரரோடது" என்றார். "கடை திறக்கறப்போ போடுவார், மூடறப்போதான் நிறுத்துவார். கல்யாணமான நாள்லேர்ந்து அதோட சத்தத்தைக் குறைக்க என்னாலயே முடியல."

"அவருக்கு நான் இல்லைங்கிறது ஒரு குறையாத் தெரிஞ்சுதா?"

"தெரியல. நீங்க போனதே அவருக்குத் தெரியுமான்னு எனக்குச் சந்தேகம்."

"அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை அவரையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள் அக்கா.

"அவர் சாப்பாட்டுக்கு மசியற ஆள் இல்லைங்க. நான் எத்தனையோ பண்ணிப் போட்டிருக்கேன்."

"இருக்கட்டும். அவருக்கு ரொம்பப் பிடிச்சது எது? அதைச் சொல்லுங்க."

முதலாளியம்மா உண்மையாகவே யோசித்தார். வாசல்வரை போய், காலணியை மாட்டிக்கொண்டு, கதவைப் பிடித்தபடி திரும்பினார்.

"சண்டை" என்றார்.

அக்கா ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள். அவள் நிமிர்ந்து நின்றால் இவ்வளவு உயரம் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

"கூட்டிட்டு வாங்க" என்றாள். "அதையே பரிமாறிடுவோம்."